சாவடிப் பொறுப்பாளரும் இரு தெனாரியமும்

முதியோர் இல்லங்களைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் நம்மிடையே இரண்டு குரல்கள் ஒலிக்கக் கேட்கிறோம். பெற்றோரை இல்லத்தில் சேர்ப்பது பெரும் பாவம் என்கிறது ஒரு குரல். அங்கே அவர்களைப் பேணுவோர் வானதூதருக்கு நிகரானவர் என்கிறது மற்றொரு குரல். முதற்குரல் பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது. இரண்டாம் குரல் இல்லம் நடத்துவோரைப் பீடத்தில் ஏற்றுகிறது. கூண்டில் நிற்பவரிடம் நாம் செலவைப் பற்றிப் பேசுவதில்லை. பீடத்தில் இருப்பவரிடம் கணக்குக் கேட்பதில்லை. இவ்விரு குரல்களுக்கும் இடையே, கட்டிலில் படுத்திருக்கும் முதியவரின் குரல் எவர் செவியிலும் விழாமற் போகிறது.

எனவே நாம் இங்கு இரண்டு வினாக்களை எழுப்பிச் சிந்திக்க விழைகிறோம். அன்பின் பெயரால் நடத்தப்படும் ஓர் இல்லத்தைச் சட்டம் சோதிக்கலாமா? அச்சட்டம் கோரும் தரத்திற்கு உரிய விலையைத் தருவது யாருடைய கடமை? இவை நிருவாகத்தைச் சார்ந்த வினாக்கள் போலத் தோன்றினும், உண்மையில் இவை அறத்தைச் சார்ந்தவை.

இல்லங்கள் பெருகுவதேன்?

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 60 வயது நிறைந்தோர் ஏறத்தாழ 10.4 கோடிப் பேர். தமிழ்நாட்டில் அன்றே நூற்றுக்குப் பத்துப் பேருக்குமேல் அவ்வயதைக் கடந்திருந்தனர். ஒரு தலைமுறையை மறு தலைமுறை ஈடுசெய்ய வேண்டுமாயின் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 2.1 குழந்தைகள் பிறக்க வேண்டும் என்பர். 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் அது 1.8 என்று காட்டியது. நான்கு பிள்ளைகள் முறைவைத்துப் பேணிய தாயைப் பேண, இன்று ஒரே மகள் இருக்கிறாள். அவளும் வேறோர் ஊரில் வேலையில் இருக்கிறாள். மணமாகாதோர், மகப்பேறு இல்லாதோர், பிள்ளைகளுக்கு முன்பே அவர்களைப் பறிகொடுத்தோர் ஆகியோரை எண்ணிப் பார்த்தால், இல்லம் என்பது நன்றிகெட்ட பிள்ளைகளால் மட்டும் விளைந்தது என்று சொல்லத் துணியமாட்டோம்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1999ஆம் ஆண்டு அக்டோபரில் முதியோருக்கு எழுதிய மடலில், முதுமைக்குத் தகுந்த இடம் குடும்பமே என்று வலியுறுத்தினார். ஆயினும் சில சூழ்நிலைகளில் முதியோர் இல்லத்தை நாடுவது தேவையாகலாம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. குடும்பமே முதன்மையானது என்று ஏற்றுக்கொள்வது, இல்லத்தை இழிவாக எண்ணுவதாகாது. இழிவு என எண்ணும்போது நாம் அதை ஒளித்து வைக்கிறோம். "அம்மா ஊரில் உறவினர் வீட்டில் இருக்கிறார்கள்" என்று அயலாரிடம் சொல்லிவிட்டு, மாதக் கட்டணத்தைச் சத்தமின்றி அனுப்பிவைக்கிறோம். வெட்கத்தால் மூடப்பட்ட கதவுக்குப் பின்னே என்ன நடக்கிறது என்று எவரும் பார்ப்பதில்லை.

சட்டம் சொன்னதும் சொல்லாததும்

2007ஆம் ஆண்டு, பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. கைவிடப்பட்ட பெற்றோர் வழக்குரைஞர் துணையின்றியே தீர்ப்பாயத்தை அணுகலாம். தமிழ்நாட்டில் வருவாய்க் கோட்டாட்சியரே அதன் தலைவர். தம் பொறுப்பில் உள்ள மூத்த குடிமகனைக் கைவிடும் எண்ணத்துடன் எங்கேனும் விட்டுச் செல்வோருக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது ரூ. 5,000 வரை தண்டம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

அச்சட்டத்தின் 19ஆம் பிரிவு முதியோர் இல்லங்களைப் பற்றியது. மாவட்டத்திற்கு ஓர் இல்லமேனும், ஒவ்வொன்றிலும் குறைந்தது 150 வறிய முதியோர் தங்கும் வகையில், படிப்படியாக மாநில அரசு நிறுவலாம் என்று அது கூறுகிறது. அவ்வில்லங்களின் தரத்தையும் சேவைகளையும் வரையறுக்கும் திட்டத்தையும் அரசு வகுக்கலாம் என்கிறது. 'நிறுவலாம்', 'வகுக்கலாம்' என்ற சொற்களை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துப் பேசும்போது 'செய்ய வேண்டும்' என்று கட்டளையிடும் சட்டம், தன்னைப் பார்த்துப் பேசும்போது 'செய்யலாம்' என்று குரலைத் தாழ்த்திக்கொள்கிறது.

2018ஆம் ஆண்டு டிசம்பரில் அசுவனி குமார் என்பார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம், முதியோர் மாண்புடன் வாழும் உரிமை அரசியலமைப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதியே என்று உணர்த்தியது. மாவட்டந்தோறும் எத்தனை முதியோர் இல்லங்கள் உள்ளன என்ற விவரத்தை மாநிலங்களிடமிருந்து திரட்டுமாறு ஒன்றிய அரசைப் பணித்தது. சட்டம் பிறந்து பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னும் எண்ணிக்கையையே கேட்டறிய வேண்டியிருந்தது என்பது, மேற்பார்வை எந்நிலையில் இருந்தது என்பதற்குப் போதிய சான்றாகும். இருக்கும் இடமே தெரியாத இல்லத்தை எவ்வாறு சோதிப்பது?

சோதனை ஏன் வேண்டும்?

மளிகைக் கடையில் அரிசி சரியில்லை என்றால் அடுத்த மாதம் வேறு கடைக்குப் போகிறோம். முதியோர் இல்லத்தில் அவ்வாறு இயல்வதில்லை. அங்கே பணம் கொடுப்பவர் ஒருவர், வாழ்பவர் மற்றொருவர். பணம் கொடுக்கும் மகன் காண்பது வரவேற்பறையும் வெள்ளையடித்த சுவரும். இரவு இரண்டு மணிக்கு நனைந்த படுக்கையில் விழித்திருப்பது தந்தை. வெளியேறிப் போக அவருக்கு வேறு இடமில்லை. குறை சொன்னால் நாளை தம்மைக் குளிப்பாட்டும் கை கடுமையாகிவிடுமோ என்ற அச்சமும் உண்டு. மறதி நோய் கண்டவராயின், அவர் சொல்வதை எவரும் நம்புவதுமில்லை. ஆகவே சந்தையின் போட்டியோ முதியவரின் முறையீடோ இங்கே காவலாக நிற்பதில்லை. எவரிடமும் கட்டணம் பெறாத, எவருக்கும் அஞ்சத் தேவையில்லாத ஒருவர் வந்து பார்த்தாக வேண்டும்.

பார்க்க எவரும் வராதபோது நேர்வது என்ன என்பதைத் தமிழகம் ஒரு கொடிய விலை கொடுத்து அறிந்தது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த தனியார் கொட்டகை ஒன்று தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓட வழியின்றி 28 பேர் மாண்டனர். அவர்கள் முதியோர் இல்லத்தார் அல்லர். ஆயினும் அவர்களும் பேணுவார் வேறிடமின்றி உறவினரால் கொண்டுவந்து விடப்பட்டவர்களே. இத்தகைய மனநல இல்லங்கள் உரிமம் பெறவேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் அப்போதே விதித்திருந்தது. ஏட்டில் சட்டம் இருந்தும், அந்தக் கொட்டகைகளை உரிய காலத்தில் கண்டு, சங்கிலிகளை அகற்றச் செய்வார் இல்லை. தீக்குப் பின்னரே உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதனை விசாரணைக்கு எடுத்தது.

"எங்கள் இல்லத்தை அருட்சகோதரிகள் நடத்துகிறார்கள், அங்கே அதிகாரிக்கு என்ன வேலை?" என்று நம்மில் சிலர் கேட்பதுண்டு. நல்ல மனம் நல்ல நிருவாகத்திற்கு உறுதி தந்துவிடாது. இரவுப் பணியில் ஒரே ஒரு சகோதரி நாற்பது முதியோருக்கு விழித்திருந்தால், அவருடைய புனிதம் அவரது களைப்பைப் போக்கிவிடாது. மாத்திரை மாறிப் போவதற்கு வெறுப்பு தேவையில்லை; தூக்கக் கலக்கமே போதும். மேலும், உண்மையான அன்பு தன்னைப் பிறர் பார்ப்பதை அவமதிப்பாகக் கொள்வதில்லை. கோவில் கணக்கைப் பங்குப் பேரவையில் படிப்பது பங்குத்தந்தையை ஐயுறுவதாகாது என்பதை நாம் அறிவோம். பணத்திற்குக் கணக்கு உண்டென்றால், மனிதருக்கு இல்லையா?

சாவடியில் நடந்தது

நல்ல சமாரியர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். எண்ணெயும் திராட்சை மதுவும் வார்த்துக் காயங்களைக் கட்டியது வரை நம் நினைவில் நன்கு பதிந்திருக்கிறது. அதன்பின் நடந்ததை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அந்தச் சமாரியர் அடிபட்டவருக்கு அருகிலேயே நிலையாகத் தங்கிவிடவில்லை. அவருக்கும் பயணம் இருந்தது. மறுநாள் அவர் சாவடிப் பொறுப்பாளரிடம் இரு தெனாரியங்களைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கூடுதலாகச் செலவானால் திரும்பி வரும்போது தருவதாகவும் வாக்களித்தார்.

ஒரு தெனாரியம் அக்காலக் கூலியாளின் ஒருநாள் ஊதியம் என்பதைத் திராட்சைத் தோட்ட உவமையிலிருந்து அறிகிறோம். அப்படியாயின் அவர் கொடுத்தது இரண்டு நாள் உழைப்பின் விலை. "நீரும் இரக்கம் காட்டி இலவசமாகப் பாரும்" என்று அவர் பொறுப்பாளருக்கு அறிவுரை கூறவில்லை. பணியின் விலையைக் கொடுத்தார். அது போதாமற் போகலாம் என்பதையும் உணர்ந்திருந்தார். அதற்கும் மேலாக, திரும்பி வருவதாகச் சொன்னார். அந்த வருகையில் இரண்டு நன்மைகள் அடங்கியுள்ளன. பொறுப்பாளருக்கு மீதிப் பணம் கிடைக்கும். அடிபட்டவர் எப்படி இருக்கிறார் என்பதும் தெரிந்துவிடும். தம் பொறுப்பை இன்னொருவர் கையில் ஒப்படைத்த பின்னும் அவர் அதிலிருந்து விலகிவிடவில்லை.

முதியோர் இல்லத்தைப் பற்றி நாம் கற்க வேண்டியது இதுவே. உரிய விலையைத் தருவதும் திரும்பி வந்து பார்ப்பதும் இரக்கத்திற்குப் புறம்பானவை என்று எண்ணுகிறோம். நற்செய்தியோ அவற்றை இரக்கத்தின் உள்ளேயே வைத்திருக்கிறது.

விலையின் கணக்கு

விலை என்றதும் நாம் முகம் சுளிக்கிறோம். ஆகவே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வாரத்திற்கு 168 மணி நேரம். ஒரு பணியாளர் வாரத்திற்கு 48 மணி நேரம் உழைப்பதே முறை என்று கொண்டால், ஓர் இருக்கை எந்நேரமும் காலியாகாதிருக்க மூன்றரைப் பேர் வேண்டும். விடுப்பையும் நோயையும் சேர்த்தால் நான்கு பேர். முப்பது முதியோர் வாழும் இல்லத்தில் எந்நேரமும் இருவர் விழித்திருக்க வேண்டுமாயின் எட்டுப் பணியாளர் தேவை. ஒருவருக்கு மாதம் ரூ. 15,000 ஊதியம் என்று வைத்துக்கொண்டால் ரூ. 1,20,000. அதாவது, தூக்கி அமர்த்தி, துடைத்து, உடை மாற்றிவிடும் கைகளுக்கு மட்டும் ஒரு முதியவருக்கு மாதம் ரூ. 4,000 ஆகிறது. உணவுக்கு நாளொன்றுக்கு ரூ. 100 என்றால் மாதம் ரூ. 3,000. படுக்கையில் கிடப்பவருக்கு டயப்பர் ஒன்று ரூ. 30 வீதம் நாளுக்கு மூன்று என்றால் ரூ. 2,700. செவிலியர், சமையலர், மருந்து, மின்சாரம், கட்டடப் பழுது எதையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை. அதற்குள் பத்தாயிரத்தை நெருங்கிவிட்டோம்.

இதற்கு எதிரே வருவாயை வைத்துப் பார்ப்போம். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 2023ஆம் ஆண்டில் ரூ. 1,000-இலிருந்து ரூ. 1,200 ஆக உயர்த்தப்பட்டது. அதில் ஒன்றிய அரசு தன் பங்காக வகுத்தது 80 வயதுக்கு உட்பட்டவருக்கு ரூ. 200, அதற்கு மேற்பட்டவருக்கு ரூ. 500. பிள்ளைகள் தரவேண்டிய பராமரிப்புத் தொகைக்கு 2007ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த உச்சவரம்பு மாதம் ரூ. 10,000. அந்த வரம்பை நீக்கும் திருத்த மசோதா 2019ஆம் ஆண்டில் மக்களவையில் கொண்டுவரப்பட்டது. நிறைவேறாமலே 2024இல் அவ்வவை கலைந்தபோது காலாவதியானது. அறநிறுவனம் நடத்தும் இல்லத்தின் கட்டணம் உணவும் உறைவிடமும் உட்பட மாதம் ரூ. 25,000 வரை இருந்தால் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை என்று 2018ஆம் ஆண்டில் அரசு அறிவித்தது. அறப்பணியாயினும் அத்தொகை வரை செலவாகக்கூடும் என்பதை வரித்துறையே ஏற்றுக்கொண்டது போலும்.

செலவு பன்னிரண்டாயிரமாக இருக்க, மூவாயிரத்திற்கு ஓர் இல்லம் நடக்கிறது என்றால், எஞ்சிய ஒன்பதாயிரத்தை யாரோ செலுத்திக்கொண்டிருக்கிறார். நன்கொடையாளர் செலுத்தினால் நன்று. அவர் இல்லாதவிடத்து, குறைந்த கூலிக்கு இரவும் பகலும் ஓய்வின்றி உழைக்கும் பெண் தன் உடலால் செலுத்துகிறாள். அவளாலும் இயலாதபோது, மாற்றப்படாத துணியிலும், படுக்கைப் புண்ணிலும், தொல்லை தராதிருக்கக் கொடுக்கப்படும் தூக்க மாத்திரையிலும் முதியவரே செலுத்துகிறார். நேர்மையான கூலியைப் பற்றி 1891ஆம் ஆண்டிலிருந்தே திருத்தந்தையரின் சமூக மடல்கள் பேசிவருகின்றன. அப்போதனை ஆலைவாயிலோடு நின்றுவிடாது. அறப்பணி இல்லத்தின் சமையலறைக்கும் அது பொருந்தும். நீதியின்படி உரியதைப் பிச்சையாகக் கொடுத்தல் ஆகாது என்று பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றிய வத்திக்கான் சங்க ஏடு 1965ஆம் ஆண்டிலேயே நமக்கு நினைவூட்டியது.

செல்வ நாடு கற்ற பாடம்

பணம் மிகுந்த நாடுகளில் இச்சிக்கல் தீர்ந்துவிட்டதோ என்று எண்ணத் தோன்றும். இங்கிலாந்தில் இல்லங்களைச் சோதித்துத் தரம் அறிவிக்கும் ஆணையம் 2009ஆம் ஆண்டிலிருந்து இயங்குகிறது. ஆயினும் 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 750 இல்லங்களில் 31,000 பேரைப் பேணிவந்த 'சதர்ன் கிராஸ்' என்னும் நிறுவனம் சரிந்து விழுந்தது. கட்டடங்களை விற்றுவிட்டு, அவற்றையே ஆண்டுதோறும் உயரும் வாடகைக்கு எடுத்து நடத்திய அந்நிறுவனம், உள்ளாட்சிகள் தந்த கட்டணம் சுருங்கியபோது வாடகை கட்ட இயலாமற் போயிற்று. சோதனையாளர் படுக்கையைப் பார்த்தனர். கணக்கேட்டைப் பார்க்கும் பொறுப்பு எவருக்கும் தரப்பட்டிருக்கவில்லை. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டம்தான் பெரிய நிறுவனங்களின் நிதிநிலையையும் கண்காணிக்க வழிசெய்தது. ஒருவர் தம் வாழ்நாளில் பராமரிப்புக்குச் செலுத்த வேண்டியதற்கு வரம்பு கட்டவும் அச்சட்டம் இடமளித்தது. பலமுறை தள்ளிவைக்கப்பட்ட அவ்வரம்பு, செலவைத் தாங்க இயலாது என்று 2024ஆம் ஆண்டு ஜூலையில் கைவிடப்பட்டது. விலையை யார் தருவது என்று தீர்மானிக்காமல் தரத்தை மட்டும் தீர்மானிக்க இயலாது என்பதே அந்நாடு கற்ற பாடம். வைப்புத்தொகை பெற்று ஆயுள்வரை பேணுவதாக வாக்களிக்கும் இல்லங்கள் நம் நகரங்களைச் சுற்றி எழும் இக்காலத்தில், அது நமக்கும் உரியதே.

கதவடைக்கும் சட்டமா?

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. விதிகளைக் கடுமையாக்கினால், தெருவோர முதியவரைத் தூக்கிவந்து பேணும் சிறு இல்லங்களே முதலில் மூடப்படும். பணக்காரர் இல்லங்கள் பளிங்குத் தரையோடு நிலைத்திருக்கும். ஏழை மீண்டும் தெருவுக்கே போவார். இம்மறுப்பை நாம் எளிதாக ஒதுக்கிவிட முடியாது. கதவை மூடுவது மட்டுமே சட்டத்திற்குத் தெரியுமாயின், அது முதியவருக்குக் காவலாகாது.

ஆயின் எல்லா விதிகளும் ஒரே எடையுடையன அல்ல. தீயிலிருந்து தப்பும் வழி, கட்டிவைக்காமை, மருந்துப் பதிவு, இறப்புப் பதிவு, மருத்துவர் வருகை, இரவில் விழித்திருக்கும் ஆள், முதியவர் தனிமையில் முறையிட ஒரு வழி ஆகியவை உயிரையும் மாண்பையும் சார்ந்தவை. இவற்றில் ஏழைக்கு ஒரு நீதி, செல்வருக்கு ஒரு நீதி என்பது கூடாது. அறையின் சதுர அடி, வாகன நிறுத்தம், சுவரின் ஓடு ஆகியவற்றில் காலமும் விலக்கும் தரலாம். மேலும், குறை கண்ட அதிகாரி அதைக் களைவதற்கான நிதியையும் கூடவே கொண்டுவர வேண்டும். பணம் தராமல் தரம் கேட்கும் அரசு, இரு தெனாரியம் கொடுக்காமல் சாவடிப் பொறுப்பாளரை மிரட்டுகிறது. தரத்தைக் காணாமல் பணம் மட்டும் அனுப்பும் மகன், இரு தெனாரியத்தைக் கொடுத்துவிட்டு அவ்வழியே திரும்பாமல் போகிறான்.

நம் பங்கு

காணிக்கை என்ற பெயரைச் சொல்லிப் பெற்றோருக்கு உரியதைத் தராது தப்பித்தவர்களை ஆண்டவர் கடிந்துகொண்டதை மாற்கு நற்செய்தியில் காண்கிறோம். கோவிலுக்குக் கொடுத்தாலும் பெற்றோருக்குப் பட்ட கடன் தீராது என்பதே அதன் பொருள். இல்லத்திற்குக் கட்டணம் கட்டிவிட்டாலும் அக்கடன் முற்றும் தீர்வதில்லை.

பிறந்த நாளுக்கும் நினைவு நாளுக்கும் இல்லங்களில் உணவளிப்பது நம்மிடையே பரவியுள்ள நல்ல வழக்கம். ஆயின் ஒரே ஞாயிறன்று மூன்று பேர் பிரியாணி கொண்டுவரும் இல்லத்தில், செவ்வாய் இரவு விழித்திருக்கும் பெண்ணின் ஊதியத்திற்கு எவரும் முன்வருவதில்லை. விருந்தை ஒளிப்படம் எடுக்கலாம். இரவுப் பணியை எடுக்க இயலாது. ஒரு பங்கு ஒன்றுகூடி, ஓர் இரவுப் பணியாளரின் மாத ஊதியத்தை ஆண்டு முழுவதும் ஏற்குமாயின், அது பல விருந்துகளினும் மேலான அறமாகும். வின்சென்ட் தே பவுல் சபையினர் போன்ற நம் அன்பியப் பணியாளர், செவிலியர் ஒருவரையும் கணக்கறிந்தார் ஒருவரையும் உடனழைத்து, முன்னறிவிப்பின்றி இல்லங்களைச் சந்திக்கலாம். திருச்சபையின் இல்லங்களே முதலில் தம் கதவைத் திறந்து, பதிவேட்டையும் வரவு செலவையும் மக்கள்முன் வைக்குமானால், மற்றவர்களிடம் கேட்கும் உரிமையும் நமக்கு உண்டாகும்.

புனித ழான் ஜுகான் 1839ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பிரான்சு நாட்டின் சென் செர்வான் ஊரில், பார்வையிழந்த மூதாட்டி ஒருவரைத் தூக்கிவந்து தம் கட்டிலில் கிடத்தினார். தாமோ ஏழைப் பணிப்பெண். பேண வேண்டியோர் பெருகியபோது கூடையைக் கையிலெடுத்து வீடு வீடாகச் சென்று இரந்தார். முதுமைக்கு ஒரு விலை உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை. அவ்விலையை ஊராரின் வாசலுக்கே கொண்டுசென்று வைத்தார். அவர் தொடங்கிய ஏழைகளின் சிறிய சகோதரிகள் சபை 1882ஆம் ஆண்டில் கொல்கத்தாவுக்கு வந்தது. 2009ஆம் ஆண்டு அக்டோபரில் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அக்கூடை இன்றும் நம் வாசலில்தான் இருக்கிறது. அதில் இடவேண்டியது பணம் மட்டும் என்று நாம் கருதலாகாது. அடுத்த முறை ஓர் இல்லத்திற்குச் செல்லும்போது, வரவேற்பறையில் அமர்ந்து தேநீர் அருந்திவிட்டுத் திரும்பாமல், "இரவில் எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள்? அவர்களுக்கு என்ன ஊதியம் தருகிறீர்கள்?" என்று கேட்போம். நடத்துவோர் நல்லவராயின், இவ்வினாவை இத்தனை நாள் எவரும் கேட்கவில்லையே என்றுதான் வருந்துவார்கள்.